வருவோம் அல்லது கட்டாயம் வருவோம்

கண்டி,
வியாழக்கிழமை, மத்தியானச் சோறு செமிக்கும் நேரம்.

பேரன்புக்கும் அதைவிடப் பெரிய கோபத்துக்கும் உரிய நாவலப்பிட்டி இளங்கோ மாமா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்கா கமலத்தின் ஒரே மகனும் மணப்பெண் சஞ்சீவனியின் ஒரே தலைவலியுமாகிய சுதேஷ் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது.

முதற்கண், இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், எங்கள் வீட்டில் தேயிலைத்தூள் தீர்ந்துவிட்டது. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் தேயிலை மலையில் போய் இறங்குகிற ஊரில், ஒரு குடும்பம் காலி டப்பாவைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தத் துயரச் செய்தியை முன்னிட்டு அம்மா சிறிது நேரம் மௌனம் காத்தார். அதன்பின் அவர் பேசியதை இங்கே எழுதினால் உறையிலுள்ள முத்திரை தானாகக் கழன்று விழும்.

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் சுபாஜினி அத்தையும் சுகமா என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் ஒரு கேள்வியைக் கடதாசியில் அச்சடித்து உங்களுக்கு அனுப்பியதால்தான் இவ்வளவு வில்லங்கமும் வந்தது என்பதால், நீங்கள் சுகம் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே போகிறேன்.

இதைக் கிழிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பக்கத்தையாவது வாசித்துவிட்டுக் கிழியுங்கள் மாமா. விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் வெற்றிலைத் தட்டோடு உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். வந்ததும், நீங்கள் ஒன்லைனில் அனுப்பிய அழகான பதிலுக்கு நன்றி சொல்வார்கள். "நான் எங்க அனுப்பினேன்?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டுவிட்டால் நான் தொலைந்தேன். என்னை விடுங்கள், அம்மாவின் முகம் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு பதிலை நீங்கள் அனுப்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஏனென்றால் உங்கள் பெயரில் அதை அனுப்பியது நான்.

கிழிக்கவில்லை அல்லவா? நன்றி. தேயிலைத்தூளில் தொடங்கி உங்கள் பெயரைத் திருடியது வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

நம்ம ஆட்களின் கல்யாணத்தில் யாரும் யாரிடமும் "வருவீங்களா?" என்று கேட்டதில்லை. பத்திரிகை வைப்போம், வருவார்கள். வராதவர்கள் அடுத்த கிழமை வீட்டுக்கு வந்து, வராததற்குக் காரணம் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். குண்டசாலையில் மண்டபம் பேசப் போகும் வரைக்கும் இந்த ஒழுங்கு நன்றாகத்தான் இருந்தது. அங்கே முகாமையாளர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு "பிளேட் கீயத மஹத்தயா?" என்றார். எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்கிறார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, வருகிற எல்லாருக்கும் என்று தன் சிங்களத்தில் சொன்னார். முகாமையாளர் அதை எண்ணாக எழுத வழி தேடினார், கிடைக்கவில்லை, பேனையை மூடினார்.

அன்று பின்னேரமே மாப்பிள்ளை சதீஸ்குமார் அத்தான் வீட்டுக்கு வந்தார். கொழும்பில் கொம்பியூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர். நல்ல மனிதர். ஆனால் வீட்டில் பல்ப் எரியாவிட்டால்கூட அதற்கு ஒரு லிங்க் வைத்திருப்பார்.

"அங்கிள், சிம்பிள். வட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்புவோம். அமுக்கினா ஒரு படிவம் வரும். பேர், எத்தனை பேர், வருவீங்களா இல்லையா. முடிஞ்சுது."

அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாநகர சபையில் இலிகிதராக இருந்து இருந்து, துளை போட்டுக் கோப்பில் கட்ட முடியாத எதையும் அவர் நம்புவதில்லை. "தம்பி, லிங்க்க ஃபைல்ல கட்ட முடியுமா? நாளைக்கு ஒருத்தன், நான் வாறேன்னு சொல்லவே இல்லைன்னா எதைக் காட்டுறது? தபாலட்டைன்னா கையெழுத்து இருக்கும். திகதி குத்தியிருக்கும்."

"யாருக்குங்க காட்டப் போறீங்க? கல்யாணத்துக்கு வராதவன் மேல கேஸா போடப் போறீங்க?" இது அம்மா, குசினியிலிருந்து.

"நீ சும்மா இரு கமலம். லிங்க்க அமுக்கினா பேங்க்ல இருக்கிறது எல்லாம் போயிடுமாம். ஒஃபிஸ்ல சொல்றாங்க."

"உங்க பேங்க்ல இருக்கிறதுக்கெல்லாம் எவனும் மெனக்கெட மாட்டான்ப்பா," என்றாள் அக்கா.

கடைசியில் இரண்டு பக்கமும் வென்றது. அதாவது இரண்டு மடங்கு வேலை. வட்ஸ்அப் பார்க்கிறவர்களுக்கு லிங்க், பார்க்காதவர்களுக்கு முத்திரை ஒட்டிய பதில் அட்டை என்று தீர்ப்பாயிற்று. இரண்டையும் மேய்க்க ஓர் ஆள் தேவை. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை கணினி வகுப்புக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஊர் சுற்றுகிற ஆள் வீட்டில் ஒருவன்தான். அன்றிலிருந்து நான் பதில் அமைச்சர். செய்தித்தாளில் பதில் அமைச்சர் என்றால், உண்மையான அமைச்சர் வெளிநாடு போயிருக்கும்போது கதிரை ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்கிறவர். நான் அசல். பதில்களுக்கே அமைச்சர்.

தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன் மாமா, இந்தப் பதவிக்கு என்னைவிடப் பொருத்தமான குறும்பன் கண்டியில் கிடைக்க மாட்டான். அப்பாவின் போனில் மணிச் சத்தத்துக்குப் பதில் சேவல் கூவ வைத்தது யார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவருடைய கந்தோரில் எல்லோரும் குனிந்து மேசைக்குக் கீழே கோழி தேடினார்களாம். அந்த மூளையை இப்போது குடும்ப நலனுக்காக வழங்கியிருந்தேன்.

பதில் அட்டையின் வாசகத்தை அப்பாவே எழுதினார். டவுனில் அச்சகம் வைத்திருக்கிற ரிஸ்கான் நானாவிடம் அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். நானா தட்டச்சிட்டுக் காட்டினார்: "மேற்படி விவாக வைபவத்துக்கு நாம் வருவோம் / வரமாட்டோம். தேவையற்றதை வெட்டிவிடவும்."

அம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், எட்டப் பிடித்தார். "என்னங்க இது? மஞ்சள் தடவுற கடதாசியில 'வரமாட்டோம்'னு அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்பவா? நம்ம வாயாலயே வராதேன்னு சொல்ற மாதிரி இருக்கே."

"அப்ப வராதவன் எதைக் குறிக்கிறது?"

"வராதவன் எதுக்கு அட்டை போடணும்? வராதவன் பேசாம வீட்டுல இருக்கட்டும். அது என்ன, 'வெட்டிவிடவும்'? கல்யாண வீட்டுல வெட்டு, குத்துன்னு!"

நானா இரண்டு பக்கமும் தலையாட்டினார். "அக்கா செல்றது நியாயம்தான். வெட்டுறது வாணாம். ரெண்டு பொட்டி போடுவோம், சரி அடையாளம் வெக்கட்டும். ஒண்டு 'வருவோம்'. மத்தப் பொட்டிக்கு என்ன போடுற?"

மற்றப் பெட்டிக்கு என்ன போடுவது என்று மூன்று பெரியவர்களும் யோசித்தார்கள். ஒரு பெட்டி மட்டும் போட்டால் அட்டை மொட்டையாக இருக்கிறது என்று அப்பாவுக்குக் குறை. கடைசியில் அட்டையில் வந்தது இதுதான். முதற் பெட்டி: வருவோம். இரண்டாம் பெட்டி: கட்டாயம் வருவோம்.

மாப்பிள்ளை அத்தானும் தன் லிங்க்கில் இதே கேள்வியைப் போட வேண்டி வந்தது. தன் கம்பெனியில் இப்படி ஒரு படிவம் செய்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று முனகிக்கொண்டே போட்டார்.

பிறகு பதில்கள் வரத் தொடங்கின. எத்தனை பேர் என்ற இடத்தில் "குடும்ப சமேதராய்" என்று ஒருவர். "எல்லாரும்" என்று ஒருவர். "ஆண்டவன் விட்ட வழி" என்று ஒருவர். பல்லேகலையிலிருந்து ஒரு சொந்தக்காரர், அன்றைக்கு அங்கே கிரிக்கட் மேட்ச் இல்லாவிட்டால் ஐந்து பேர், இருந்தால் ரோட்டு அடைத்துவிடும், யோசிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். வட்ஸ்அப்பில் லிங்க் போன இடத்திலிருந்தெல்லாம் ரோசாப்பூவும் காலை வணக்கமும் திரும்பி வந்தன. ரோசாப்பூவை வருவோமில் சேர்ப்பதா, கட்டாயம் வருவோமில் சேர்ப்பதா? முள் இருந்தால் வருவோம், இல்லாவிட்டால் கட்டாயம் என்று நானே ஒரு சட்டம் போட்டேன்.

தபாலட்டைதான் மகா கூத்து. முத்திரை ஒட்டிக் கொடுத்திருக்கிறோம். பெட்டியில் போட வேண்டியதுதானே? ஒருவரும் போடவில்லை. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார்கள். "தபால்ல போட்டா எங்கயாச்சும் தவறிடும். அதான் கையோட குடுத்துட்டுப் போவோம்னு." கையோடு கொடுத்தவர்கள் காலோடு போகவில்லை. உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். மாப்பிள்ளைக்கு எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். ஒன்லைன்காரர்களாவது விட்டார்களா? "லிங்க்ல போட்டேன். உள்ள வந்துச்சான்னு பார்த்துட்டுப் போக வந்தேன்," என்று அவர்களும் வந்தார்கள். அவர்களுக்கும் தேத்தண்ணி. இப்போது விளங்குகிறதா மாமா, டப்பா எப்படிக் காலியானது என்று?

இவ்வளவும் சிரிக்கிற பகுதி. இனி வருவது என் பகுதி.

உங்களுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்புவது என்று இந்த வீட்டில் யாரும் நினைக்கவே இல்லை. முதல் பத்திரிகை கோயிலுக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. அப்பாவே உங்கள் பெயரைத் தன் அழகான கையெழுத்தில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, அலுமாரியில் அம்மாவின் கூறைச் சேலைக்கு மேல் வைத்திருந்தார். நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கோடு வந்து கொடுப்பதாக இருந்தது. நான் என்ன செய்தேன்? முகவரி எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் அடித்து, ஒட்டுகிற தாளில் எடுத்து, சர்சர் என்று ஒட்டினேன். கடைசியில் உங்கள் முகவரி மட்டும் ஒட்ட உறை இல்லாமல் மிஞ்சியது. ஐயோ, தாய்மாமனையே மறந்துவிட்டார்களே, நல்ல வேளை நான் பார்த்தேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு, இன்னொரு பத்திரிகையை எடுத்து, பதில் அட்டையும் வைத்து, உங்களுக்கும் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அது போய்ச் சேர்ந்த செய்தியை ரிஸ்கான் நானாதான் கொண்டுவந்தார். அச்சு வேலையாக நாவலப்பிட்டிக்கு வந்தவர் ஸ்டேசனில் உங்களைக் கண்டாராம்.

"மவன், ஒங்கட மாமா அந்த அட்டையக் கையில வெச்சிக்கிட்டு நின்டார். 'நானா, என் அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் வாறேனான்னு டிக் போடணுமாம். நான் என்ன விருந்தாளியா?'ன்டு கேட்டார். ஏசல்லை. சும்மாதான் கேட்டார். எனக்குத்தான் ஒரு மாதிரியாப் போச்சி."

நானா ஒரு மாதிரியாப் போனதைக் கேட்டு அம்மா ஒன்பது மாதிரியாகப் போனார். நான் செய்ததை அங்கேயே ஒப்புக்கொண்டேன். அப்பா உடனே உங்களுக்குப் போன் எடுத்தார். அத்தை எடுத்து, நீங்கள் டியூட்டியில் என்றார். மறுபடி எடுத்தார். மறுபடியும் டியூட்டி. ரயில்வே கார்டுக்கு டியூட்டி இருக்கும்தான் மாமா, ஆனால் ரயில் ஓடாத நேரத்திலும் நீங்கள் டியூட்டியில் இருந்தீர்கள். அப்பாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "பையன் செஞ்ச பிழை. அதைச் சொல்லத்தானே எடுக்கிறேன். போனே எடுக்காதவன் வீட்டு வாசல்ல எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்தார். அன்றைக்கு அதைத் திருப்பவே இல்லை, ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவைப் பார்ப்பதுதான் தாங்க முடியவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். நான் அட்டைகளை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, முற்றத்தில் காயப்போட்ட மிளகாயைப் பார்க்க வந்ததுபோல் குனிவார். அக்காவிடம், "நாவலப்பிட்டிப் பக்கம் யாராச்சும் லிங்க்ல போட்டிருக்காங்களாடி?" என்று, ஏதோ அங்கே மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரிக் கேட்பார். அக்கா இல்லை என்பாள். "சரி, எல்லாருக்கும் வேலை இருக்கும்," என்பார்.

அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டாள். "டேய், மாமா இல்லாட்டி என்னைக் கையைப் பிடிச்சு மணவறைக்கு யாருடா கூட்டிட்டுப் போறது?" நான், "நான் கூட்டிட்டுப் போறேன், பாதி வழியில காலை வாரி விடுவேன்," என்றேன். அவள் வழக்கம்போல் தலையில் குட்டவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

அடுத்த நாள் கணினி வகுப்பில், பாடம் நடத்துகிற சேர் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருக்க, நான் லிங்க்கை அமுக்கினேன். பெயர்: இளங்கோ. ஊர்: நாவலப்பிட்டி. கட்டாயம் வருவோம் பெட்டியில் சரி அடையாளம். கீழே "மணமக்களுக்கு ஒரு வார்த்தை" என்று ஓர் இடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எழுதியது உங்களுக்கே தெரியாமல் இருக்கக்கூடாது என்பதால் அதை அப்படியே தருகிறேன், தயவுசெய்து பாடமாக்குங்கள்:

"மருமகளே சஞ்சீவனி, உன் கையைப் பிடித்து மணவறைக்கு நடத்த வேண்டியவன் நான். நீ நடை பழகும்போதும் என் விரலைத்தான் பிடித்தாய். அந்த விரல் அன்றைக்கு வேறு எங்கே போகும்? விளங்குதா? அக்காவிடம் சொல், தம்பி கோபத்தில் இல்லை என்று. விளங்குதா?"

அந்த இரண்டு விளங்குதாவையும் கவனியுங்கள். நீங்கள் பேசும்போது மூச்சுக்கு ஒரு தரம் விளங்குதா என்பீர்களே, அதற்காகப் போட்டது. கலை என்றால் அதுதான். சும்மா சொல்லக்கூடாது, அனுப்பிவிட்டு நானே இன்னொரு முறை வாசித்தேன். வாசித்ததில் நீங்களே எழுதியதாக எனக்கே ஒரு நிமிடம் பட்டது.

வீட்டில் அதை அக்காதான் முதலில் கண்டாள். சத்தமாக வாசிக்கத் தொடங்கி, "என் விரலைத்தான்" என்ற இடத்தில் கண் கலங்கி நிறுத்தினாள். அம்மா அடுப்பில் வைத்த பருப்பை மறந்து வந்து நின்றார். "இன்னொரு தரம் வாசிடி." வாசித்தாள். "இன்னொரு தரம்." பருப்பு அடிப்பிடித்தது, ஒருவரும் போகவில்லை. அப்பா கண்ணாடியைத் தேடினார், அது அவர் நெற்றியிலேயே இருந்தது. பிறகு அம்மா கேட்டார், "இது போனுக்குள்ளேயே இருந்து அழிஞ்சிடாதா? கடதாசியில எடுத்துத் தாங்க." அப்பா ரிஸ்கான் நானாவிடம் போய் அதை அச்செடுத்து வந்தார். ஒன்லைன் பதில் கடதாசியாகிவிட்டதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோசம். கோப்பில் கட்டத் துளையும் போட்டுவிட்டார். அம்மா அதைக் கோப்பிலிருந்து எடுத்துச் சாமித் தட்டில், விநாயகர் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா சொன்னார், "அவன் மனுசன்டா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஞாயிறு போவோம் கமலம். நேர்ல கூப்பிடாம எப்படி?"

எப்படி மாமா என் வேலை? இரண்டு பெரிய மனிதர்களின் மூக்கை ஒரு விரலால் சமாதானம் செய்துவிட்டேன். அப்பா, அம்மா, அக்கா, ஒரு கொம்பியூட்டர் மாப்பிள்ளை, அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட ஒரு துளி சந்தேகம் வரவில்லை. ஒன்லைனா தபாலா என்று அடித்துக்கொண்டார்களே, இரண்டையும்விட வேகமானது சுதேஷ்.

ஒரேயொரு ஓட்டைதான் மீதி. அது நீங்கள். ஆகவே ஞாயிறன்று நீங்கள் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. அப்பா, "உன் பதில் கிடைச்சுது இளங்கோ," என்பார். நீங்கள் தலையை ஆட்டினால் போதும். வாயைத் திறக்க வேண்டாம், திறந்தால் உண்மை வந்துவிடும். அம்மா கண் கலங்கினால் ஜன்னல் பக்கம் திரும்பி இருமுங்கள். அத்தைக்கும் சொல்லி வையுங்கள். அவர், "இவருக்கு எப்பங்க ஒன்லைன்?" என்று கேட்டுவிடக்கூடிய ஆள். அம்மா கொண்டுவரும் அதிரசத்தில் ஒன்றை உடனே வாயில் போட்டுக்கொண்டால் நல்லது, வாய் அடைத்திருக்கும்.

என் மேல் உங்களுக்குள்ள கோபத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பத்திரிகையைத் தபாலில் போட்டது என் கை. உங்களைக் கேள்வி கேட்க இந்த வீட்டில் யாருக்கும் மனம் வந்திருக்காது. அம்மா உங்களுக்குப் பட்டு வேட்டி எடுத்துவிட்டார். கரை அகலமா, ஒடுக்கமா என்று கடையில் நின்று ஒரு மணித்தியாலம் யோசித்தார். அகலம்தான் எடுத்தார். "என் தம்பிக்கு அகலக் கரைதான் எடுப்பு," என்று கடைக்காரரிடமும் சொன்னார், பக்கத்தில் சேலை பார்த்த யாரென்றே தெரியாத அம்மாவிடமும் சொன்னார். அதனால் வாருங்கள் மாமா. எனக்காக வேண்டாம், அந்தக் கரைக்காக.

தங்களுக்கும் அத்தைக்கும் எல்லா ரயிலும் நேரத்துக்கு வந்து, எல்லாப் பயணியும் டிக்கட் எடுத்து, எல்லாக் கொடியும் பச்சையாகவே அமைய என் பிரார்த்தனைகள். பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு என் பழைய கிரிக்கட் பந்து.

இப்படிக்கு,
தங்கள் பதிலைத் தங்களுக்கு முன்பே எழுதிய மருமகன்,
சுதேஷ்

பி.கு.: மாமா, மேலே எழுதியதில் பாதியை மறந்துவிடுங்கள். தலையாட்ட வேண்டாம். இரும வேண்டாம்.

உறையை ஒட்டப் பசை தேடிக் குசினிக்குப் போனேன். அம்மா சோற்றுப் பருக்கையை எடுத்துத் தந்தார்.

"யாருக்குடா காயிதம்?"

"ஒரு கூட்டாளிக்கும்மா."

"நாவலப்பிட்டி ரயில்வே குவார்ட்டர்ஸ்ல உனக்கு யாருடா கூட்டாளி?"

உறையில் முகவரியை எழுதி முடித்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, உறையிலிருந்து கடிதத்தை உருவி, நின்றபடியே முழுவதையும் வாசித்தார். கோழி தேடிய இடத்தில் சிரித்தார். மிளகாய் இடத்தில் சிரிக்கவில்லை. வாசித்து முடித்து மடித்தார். நான் முதுகைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

"அது நீ எழுதினதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா," என்றார்.

"எப்படிம்மா?"

"என் தம்பி வாறதா இருந்தா இப்படி இனிக்க இனிக்க எழுதுவானா? ஏசுவான். போனைப் போட்டு என்னை நாலு கிழி கிழிச்சுப்புட்டு, அடுத்த பஸ்ல வந்து நிப்பான். இந்தத் தடவை ஏசவே இல்லையே. அதுதான் எனக்குப் பயம்."

"பெறகு ஏம்மா அதைச் சாமித் தட்டுல வச்சீங்க?"

அம்மா கடிதத்தை என் கையில் திருப்பித் தந்தார். "அவன் எழுத மாட்டான். ஆனா நெனைச்சிருப்பான்டா," என்றார்.

அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அதற்கு அம்மா சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாதான் முதலில் கண்டுபிடித்தாராம். "ரயில் லைனைத் தவிர வேற எந்த லைனும் இளங்கோவுக்குத் தெரியாது கமலம், இது உன் மகன் வேலை," என்று அன்றைக்கே சொன்னாராம். உங்கள் வாசலுக்கு வர அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டதாம். கிடைத்ததும் பேசாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம். அக்காவுக்கும் தெரியும். படிவத்தில் போன் நம்பர் கேட்ட இடத்தில், உங்கள் நம்பர் மனப்பாடம் இல்லாததால், கை தானாக என் நம்பரையே அடித்திருக்கிறது. அவள் கண் கலங்கியது நீங்கள் எழுதியதாக நினைத்து இல்லையாம், நான் எழுதினேன் என்று தெரிந்துதானாம். இதை என்னிடம் சொல்லிவிட்டுத் தலையில் குட்டினாள். மாப்பிள்ளை அத்தானுக்கு அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அம்மா உங்களுக்கு எழுதச் சொன்னது: ஞாயிறு வருகிறோம், நன்றாக ஏசு, ஒன்றையும் மிச்சம் வைக்காதே, உன் அத்தான் வாய் திறக்க மாட்டார், அதற்கு நான் பொறுப்பு.

ஆக, சந்தேகம் வராத ஒரே ஆள் இந்த வீட்டில் நான்தான் மாமா. நானும் ஞாயிறு வருகிறேன். ஏச்சை என்னிடமிருந்து தொடங்கினால் நல்லது.